உஷார்! நேரே சீறும் மஸ்டாங் வளைவில் வாரிவிடும்

பழைய ஃபோர்டு மஸ்டாங் வாங்கியிருக்கிறீர்களா? பின் ஆக்சிலுக்குக் கெட்டியான பாலியூரிதேன் புஷ், தடித்த ஆன்டி-ரோல் பார், காரைத் தாழ்த்தும் ஸ்ப்ரிங் என்று பட்டியல் போட்டு ஆர்டரும் கொடுத்துவிட்டீர்களா? பெட்டி வந்து இறங்கினால் பிரிக்காமல் ஓரமாக வையுங்கள். தனித்தனியாகப் பார்த்தால் அவை எல்லாமே நல்ல பொருள்கள்தான். ஆனால் அவற்றை யோசிக்காமல் சேர்த்து மாட்டிய கார், நேர்ச்சாலையில் அழகாகப் பாய்ந்து உங்களை நம்பவைக்கும். பிறகு ஏதோ ஒரு ஈரமான வளைவில், எந்த முன்னறிவிப்பும் தராமல் பின்பக்கத்தை வீசிவிடும்.

அமெரிக்காவில் வார இறுதிக் காலைகளில் ‘கார்ஸ் அண்ட் காஃபி’ என்று கார்ப் பிரியர்கள் கூடுவார்கள். கூட்டம் கலையும் நேரத்தில் எடுத்த வீடியோக்கள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. பார்க்கிங்கிலிருந்து ஒரு மஸ்டாங் சாலைக்குத் திரும்புகிறது. ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை மிதிக்கிறார். பின்பக்கம் ஒரு புறமாக ஒதுங்குகிறது. பயந்துபோய் காலைச் சட்டென்று எடுக்கிறார். கார் எதிர்ப்பக்கம் திரும்பி அடித்து, நடைபாதை விளிம்பில் ஏறுகிறது. அந்த விளிம்பில்தான் செல்போனோடு ஆட்கள் நிற்கிறார்கள், குழந்தைகள் உட்பட. அந்த வீடியோக்களுக்குக் கீழே சிரிப்புப் படங்கள் போடுகிறார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. ஒவ்வொரு முறையும் அதே மூன்று நொடிகள், அதே வரிசையில்.

‘பவர் அதிகம், பையனுக்கு ஓட்டத் தெரியவில்லை’ என்று சொல்லி எல்லோரும் நகர்ந்துவிடுகிறார்கள். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி காரின் அடியில் இருக்கிறது.

முதலில் கணக்கைப் பாருங்கள். 2018 மஸ்டாங் ஜி.டி.யின் 5 லிட்டர் வி8 இன்ஜின் 460 குதிரைத்திறன் தருகிறது. டார்க் சுமார் 570 நியூட்டன் மீட்டர். கையால் மாற்றும் கியர்பாக்ஸில் முதல் கியர் அதைச் சுமார் மூன்றேகால் மடங்காக்கும். பின் ஆக்சிலின் பல்சக்கரங்கள் இன்னொரு மூன்றரை மடங்கு. வழியில் உராய்வில் போவதைக் கழித்தாலும், பின் டயர்கள் தரையைப் பின்னுக்குத் தள்ளும் விசை 16,000 நியூட்டன் அளவில் நிற்கும். அந்த விசையைத் தாங்கத் தரையில் எவ்வளவு பிடிமானம் இருக்கிறது? ஓட்டுநரோடு காரின் எடை சுமார் 1,750 கிலோ. அதில் பாதிக்கும் கொஞ்சம் குறைவுதான் பின்னால் இருக்கிறது. வேகமெடுக்கும்போது பின்பக்கம் சாய்கிற பாரத்தையும் சேர்த்தால் பின் டயர்கள் மேல் ஏறக்குறைய 980 கிலோ. நல்ல டயர், காய்ந்த தார்ச்சாலை என்றால் 9,600 நியூட்டன் வரை பிடிக்கும். அதாவது டயரால் தாங்க முடிந்ததைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் உங்கள் வலது காலில் இருக்கிறது. இரண்டாம் கியரில்கூட முழுமிதி டயரின் எல்லையைத் தாண்டும். மழை பெய்தால் அந்த 9,600 என்ன ஆகும் என்பதை நீங்களே போட்டுப் பாருங்கள்.

இதெல்லாம் ஸ்டியரிங் நேராக இருக்கும்போது. வளைவில் அதே டயர் இரண்டு வேலை செய்கிறது. காரைப் பக்கவாட்டில் பிடித்து நிறுத்த வேண்டும், முன்னுக்கும் தள்ள வேண்டும். இரண்டுக்கும் இருப்பு ஒன்றுதான். பக்கவாட்டுக்கு 80 சதவீதம் செலவானால் முன்னுக்குத் தள்ள மிஞ்சுவது 60 சதவீதம். இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருப்பதால் இந்தக் கணக்கில் நேரடியாகக் கழிக்க முடியாது. பக்கவாட்டுக்கு 95 சதவீதம் போனால் முன்னுக்கு 31 சதவீதம்தான். அந்த எல்லைக்குப் பக்கத்தில் ஆக்சிலரேட்டரில் கால் விரல் அளவு அசைவு போதும், பின்பக்கம் தன் பிடியை விட்டுவிடும். எல்லையை நெருங்கும்போது அது மெதுவாக, கைக்கும் இடுப்புக்கும் தெரிகிற மாதிரி நெருங்குகிறதா, அல்லது படீரென்று வந்து நிற்கிறதா என்பதை முடிவுசெய்வது சஸ்பென்ஷன். சக்தி வாய்ந்த பின்சக்கர ஓட்டக் காரின் சஸ்பென்ஷன் வேலையில் என்னைப் பொறுத்தவரை இதைவிட முக்கியமானது ஒன்றும் இல்லை.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையை உடைத்தாக வேண்டும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் காரின் பின்பக்கம் அமர்கிறது. அதைப் பார்த்துவிட்டு, ‘எடையெல்லாம் பின்னால் போகிறது, கெட்டியான ஸ்ப்ரிங் போட்டு நிறுத்த வேண்டும்’ என்கிறார்கள். ‘பின்னால் மெத்தென்று இருந்தால் இன்னும் நிறைய எடை டயருக்குப் போகும்’ என்று நேர் எதிராகச் சொல்கிறவர்களும் உண்டு. இரண்டும் தப்பு. பின்னால் சாயும் பாரத்தை முடிவுசெய்பவை மூன்று: எவ்வளவு வேகமாக வேகமெடுக்கிறீர்கள், காரின் எடைமையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, முன்-பின் சக்கரங்களுக்கு இடையே எவ்வளவு தூரம். மேலே சொன்ன காரில் எடைமையம் அரை மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டால், புவியீர்ப்பில் பாதியளவு வேகமெடுக்கும்போது சுமார் 160 கிலோ பின்னால் போகிறது. ஸ்ப்ரிங் இரும்புத்தடியாக இருந்தாலும் 160தான், பஞ்சாக இருந்தாலும் 160தான். அந்தப் பாரம் எவ்வளவு சீக்கிரம் டயரில் விழுகிறது, விழும்போது சக்கரத்தின் சாய்வும் திசையும் எப்படி மாறுகின்றன என்பதைத்தான் ஸ்ப்ரிங்கும் ஷாக் அப்சார்பரும் கன்ட்ரோல் ஆர்ம்களும் மாற்ற முடியும். பின்பக்கம் கொஞ்சம் அமர்வது நோயல்ல. அதை ஒழிக்கிறேன் என்று கல் மாதிரியான ஸ்ப்ரிங் போட்டால், சாலையில் ஒரு சின்ன மேடு வந்தாலே டயர் தரையைவிட்டுத் துள்ளும். வளைவின் நடுவில், கால் ஆக்சிலரேட்டரில் இருக்கும்போது துள்ளினால் காரின் பின்பக்கம் போய்விடும்.

இனி, ஆபத்து மிக ஆழமாக ஒளிந்திருக்கும் இடத்துக்கு வருகிறேன். 1979 முதல் 2004 வரை வந்த மஸ்டாங்குகளின் பின்பகுதி அது. (1999 முதல் வந்த கோப்ரா மாடல்களில் மட்டும் இரண்டு சக்கரங்களும் தனித்தனியாக இயங்கும் ஐ.ஆர்.எஸ். அமைப்பு வந்தது.) மற்ற எல்லாவற்றிலும் இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே ஆக்சில். அதை உடலோடு பிடித்திருப்பவை நான்கு ஆர்ம்கள். கீழ் ஆர்ம்கள் இரண்டும் ஏறக்குறைய நேராக முன்னோக்கிப் போகும். மேல் ஆர்ம்கள் இரண்டும் குட்டையாக, சாய்வாக இருக்கும். ஆக்சில் இடம்-வலமாக நகராமல் தடுப்பதும் அந்தச் சாய்ந்த மேல் ஆர்ம்கள்தான். அதற்கென்று தனிக் கம்பி எதுவும் கிடையாது.

இந்த நான்கு ஆர்ம்களும் வரைந்துபார்த்தால் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதவை. கார் உடல் ஒரு பக்கம் சாயும்போது மேல் ஆர்ம்கள் ஆக்சிலை ஒரு வழியில் திருப்பப் பார்க்கும், கீழ் ஆர்ம்கள் வேறு வழியில். குறுகலான மாடிப்படியில் கட்டிலை இறக்கும் நான்கு பேரை நினைத்துக்கொள்ளுங்கள். யாராவது ஒருவர் பிடியைக் கொஞ்சம் தளர்த்திக் கொடுத்தால்தான் கட்டில் திரும்பும், நான்கு பேரும் விறைப்பாகப் பிடித்தால் நடுப்படியில் சிக்கும். மஸ்டாங்கில் தளர்த்திக் கொடுப்பது மேல் ஆர்ம்களின் மெத்தென்ற ரப்பர் புஷ்கள். வாய் திறந்த தகட்டு ஆர்ம்களும் கொஞ்சம் முறுக்கிக் கொடுக்கும். அந்த ரப்பரைப் பார்த்தால் மலிவான வேலை மாதிரித் தெரியும். அந்த நெகிழ்வு இல்லாமல் அந்த அமைப்பு வேலையே செய்யாது என்பதால்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள்.

இப்போது அந்த ரப்பரை எடுத்துவிட்டுப் பாலியூரிதேன் புஷ்ஷும், முறுக்காத குழாய் ஆர்ம்களும் மாட்டுங்கள். நேராக மிதித்தால் கார் அற்புதமாகப் பாயும். ஆக்சில் முறுக்கிக்கொண்டு பின் சக்கரம் துள்ளுவது நின்றுவிடும். ‘அடேயப்பா, எவ்வளவு உறுதி!’ என்று தோன்றும். வளைவில் உடல் சாயத் தொடங்கியதும் முதலில் ஒன்றும் தெரியாது. இன்னும் சாயும்போது நான்கு ஆர்ம்களும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு இறுகும். அந்தக் கணத்தில் பின்பக்கத்தின் விறைப்பு பல மடங்கு எகிறும். உள்பக்கச் சக்கரத்தின் பாரமெல்லாம் வெளிப்பக்கச் சக்கரத்தில் போய் விழும். பின்பக்கத்தின் மொத்தப் பிடிமானம் சட்டென்று குறையும். அப்போது உங்கள் காலும் ஆக்சிலரேட்டரில் இருக்கிறது. கார் சுழல்வதற்கு முன் உங்களுக்குக் கிடைக்கும் எச்சரிக்கை, ஏறக்குறைய எதுவும் இல்லை.

ஆகவே, அந்த வருடங்களில் வந்த மஸ்டாங்கின் மேல் ஆர்ம்களில் பாலியூரிதேன் போடாதீர்கள். தேய்ந்துபோயிருந்தால் புது ரப்பர் போடுங்கள். கீழ் ஆர்ம்களை மாற்றலாம், ஆனால் திருகிக்கொடுக்கும் இணைப்புள்ளதாகப் பார்த்து மாற்றுங்கள். சர்க்யூட் ரேஸுக்கே போகப் போகிறீர்கள் என்றால், மேல் ஆர்ம்களையே கழற்றிவிட்டு டார்க் ஆர்மும், ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடிக்கும் பான்ஹார்ட் ராடும் பொருத்தும் வழி இருக்கிறது. செலவு கூடத்தான். ஆனால் அதில் ஒவ்வொரு கம்பிக்கும் ஒரே வேலை, ஒன்றோடு ஒன்று சண்டை போடாது.

அடுத்தது, காரைத் தாழ்த்துவது. தாழ்த்தினால் கீழ் ஆர்ம்களின் கோணம் மாறுகிறது. முன்நுனி இறங்கிவிடுவதால், மிதிக்கும்போது டயரைத் தரையில் அழுத்திவிடும் இயல்பு, அதாவது ஆன்டி-ஸ்குவாட், குறைகிறது. டயர் வழுக்குகிறது, துள்ளுகிறது. இதைச் சரிசெய்ய, ஆர்மின் பின்நுனியை ஆக்சிலில் இன்னும் கீழே மாட்டும்படி பிராக்கெட் விற்கிறார்கள். அதில் இரண்டு மூன்று ஓட்டைகள் இருக்கும். இங்கேதான் கை நடுங்க வேண்டும். ‘கீழ் ஓட்டைதான் அதிக கிரிப்’ என்று யாரோ சொல்ல, நேராக அதில் போல்ட்டை முடுக்குகிறார்கள்.

கீழ் ஓட்டையில் மாட்டினால் ஆர்ம் முன்னோக்கி மேலே ஏறிப்போகிறது. நேராகப் பாய அது உண்மையிலேயே உதவும். ஆனால் வளைவில் உடல் சாயும்போது வெளிப்பக்கச் சக்கரம் கொஞ்சம் பின்னால் போகும், உள்பக்கச் சக்கரம் கொஞ்சம் முன்னால் வரும். அதாவது ஆக்சில் முழுவதும் வளைவுக்கு வெளியே திரும்பிக்கொள்ளும். நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பாமலே பின்சக்கரங்கள் தாங்களாகக் காரைத் திருப்பத் தொடங்கும். கார் எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவு திருப்பும். இதோடு முடியவில்லை. ஆன்டி-ஸ்குவாட் அளவுக்கு மீறினால், பிரேக் பிடிக்கும்போது அதே கோணம் எதிராக வேலை செய்து ஆக்சிலைத் தரையிலிருந்து இழுக்கும். பலமாகப் பிரேக் போட்டால் பின்சக்கரங்கள் தடதடவென்று குதிக்கும். நெடுஞ்சாலையில் முன்னே போகும் லாரி திடீரென நிற்கும்போது இது நடக்க வேண்டுமா? சாலையில் ஓடும் கார் என்றால், ஆர்மைத் தரைக்கு ஏறக்குறைய இணையாகக் கொண்டுவரும் ஓட்டை போதும். அதற்கு மேல் கிடைக்கும் ஒவ்வொரு துளி கிரிப்புக்கும் வளைவில் வட்டி கட்ட வேண்டியிருக்கும்.

பின்பக்கத் தடித்த ஆன்டி-ரோல் பாரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் விஷயம் எளிது. மஸ்டாங்கின் மூக்கு கனம். வளைவில் முன்பக்கம் தள்ளிக்கொண்டு போவது அதன் பிறவிக் குணம். அதைப் போக்க எல்லோரும் பின்னால் தடித்த பார் போடுகிறார்கள். மூக்கு திரும்புகிறது, மகிழ்ச்சி. ஆனால் வளைவைவிட்டு வெளியேறும்போது உள்பக்கப் பின்சக்கரம் தரையில் பாரமில்லாமல் நிற்கிறது. சாதாரண டிஃபரன்ஷியல் என்றால் அந்த ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலும், அதிலிருந்து பிழைத்துக்கொள்ளலாம். லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் இருந்தால் இரண்டும் சேர்ந்து சுழலும். அப்போது பக்கவாட்டுப் பிடிமானம் இரண்டிலுமே போய்விடும். முன்பக்கத் தள்ளலைக் குறைக்க வேண்டுமென்றால் முன்டயரில், முன்சக்கரத்தின் சாய்வான கேம்பரில் வேலையைத் தொடங்குங்கள். பின்பக்கத்தின் பிடிமானத்தைப் பறித்துத்தான் சமநிலை கொண்டுவர வேண்டும் என்பதில்லை.

2005 முதல் 2014 வரையிலான தலைமுறையில் ஃபோர்டு அந்த நான்கு ஆர்ம் தொல்லையை விட்டது. மேலே ஒரே ஆர்ம், பக்கவாட்டுக்கு ஒரு பான்ஹார்ட் ராட். அதைத் தாழ்த்தினால் ஆக்சில் ஒரு பக்கமாக நகரும், ஆகவே நீளத்தைச் சரிசெய்யக்கூடிய ராட் போட்டு நடுவுக்குக் கொண்டுவாருங்கள். மற்றபடி அது நியாயமான அமைப்பு.

2015-இல் ஐ.ஆர்.எஸ். எல்லா மஸ்டாங்குக்கும் வந்தது. அடுத்த வருடம் இந்தியாவிலும் விற்பனைக்கு வந்தது அந்தத் தலைமுறைதான். இதில் உஷாராக இருக்க வேண்டிய சொல் ‘டோ’. பின்சக்கரங்கள் இரண்டும் மேலிருந்து பார்த்தால் முன்னோக்கிச் சற்றே உள்ளே பார்த்தபடி இருக்க வேண்டும். அது டோ-இன். ஒரு பக்கத்துக்கு ஒரு டிகிரியில் பத்தில் ஒன்றோ இரண்டோ பங்குதான், ஆனால் மிதிக்கும்போது காரை நேராக வைத்திருப்பது அந்தச் சின்ன அளவுதான். தாழ்த்தும் ஸ்ப்ரிங் போட்டால் அந்த அளவு மாறும். தேய்ந்த புஷ்கள் பாரத்தில் நெளிந்தால், நின்றிருக்கும்போது சரியாகத் தெரியும் சக்கரம் மிதித்தவுடன் வெளியே பார்க்கும். ஒரு சக்கரம் மட்டும் வெளியே பார்த்தால், காலை வைக்கும்போது கார் ஒரு பக்கமும் எடுக்கும்போது இன்னொரு பக்கமும் இழுக்கும். ‘மிதித்தால் லேசாக அலைகிறது’ என்று யாராவது சொன்னால் அந்தக் காரை அன்றைக்கே அலைன்மென்ட் மேடைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். ஸ்ப்ரிங் மாற்றிய நாளிலேயே நான்கு சக்கர அலைன்மென்ட் செய்யாமல் வண்டியை ஒர்க்‌ஷாப்பைவிட்டு வெளியே எடுக்கவே கூடாது. ‘ஸ்ப்ரிங் கொஞ்சம் அமரட்டும், அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொல்வார்கள். அமர்ந்த பிறகு மறுபடியும் செய்யுங்கள், இன்றைக்கும் செய்யுங்கள்.

டிராக் ரேஸ் பொருள்களைச் சாலையில் மாட்டித் திரிவது எனக்கு மிகவும் பயம் தருகிறது. டிராக் ஸ்ட்ரிப் என்பது சாலையே அல்ல. தரையில் பிசின் தெளித்திருப்பார்கள், காலணியே ஒட்டிக்கொள்ளும். புறப்படும் முன் டயரைச் சுழற்றிப் புகைவரச் சூடாக்குவார்கள். பாதை நேர்கோடு. பிசின், சூடு, நேர்கோடு என்ற மூன்றும் உங்கள் தெருவில் கிடையாது. அந்த ஸ்ட்ரிப்புக்கென்றே பிறந்த பொருள்களில் ஒன்று ‘90/10’ முன் ஷாக். மிதித்தவுடன் முன்பக்கம் தடையின்றி எழும்ப வேண்டும் என்பதற்காக, மேலே எழும் திசையில் அதன் எதிர்ப்பு மிகக் குறைவு. சாலையில் ஒரு மேட்டைத் தாண்டியதும் அந்த முன்பக்கம் கட்டுப்பாடில்லாமல் மிதக்கும், ஸ்டியரிங் வெறுமையாகும்.

இன்னொன்று, வலது பின் ஸ்ப்ரிங்குக்குள் வைக்கும் காற்றுப்பை. ஒரே ஆக்சில் உள்ள காரில் இன்ஜினின் முறுக்கு இடது பின்சக்கரத்தை அழுத்தி வலது பின்சக்கரத்தைத் தூக்கப் பார்க்கும். அதைச் சமன்செய்ய வலப்பக்கம் காற்றடித்து வைப்பார்கள். ஸ்ட்ரிப்பில் அது புத்திசாலித்தனமான வேலை, நான் குறை சொல்ல மாட்டேன். அதே காற்றோடு வீட்டுக்கு ஓட்டி வந்தால் இடது வளைவில் ஒரு காரும் வலது வளைவில் வேறொரு காரும் ஓட்டுகிறீர்கள். பூட்டிவிட்ட டிஃபரன்ஷியல், முன்னால் சைக்கிள் டயர் போல ஒல்லியான டயர், பின்னால் பெயருக்கு மட்டும் பள்ளம் உள்ள டிராக் ரேடியல் என்று சிலர் இன்னும் மேலே போகிறார்கள். தேங்கிய மழைத்தண்ணீரில் அந்தப் பின் டயரால் நீரை ஒதுக்க முடியாது, நீர்மேல் ஏறிக்கொள்ளும். மேகம் கறுத்தால் அந்தக் காரை எடுக்காதீர்கள். வழியில் மழை பிடித்தால் ஓரமாக நிறுத்திவிட்டு, மழை நின்று சாலையில் நீர் வடிந்த பிறகு கிளம்புங்கள். தாமதத்துக்காக யாரும் உங்களைக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

காசே செலவில்லாமல் காரின் சமநிலையைப் புரட்டிப்போடும் இன்னொரு விஷயம் டயர் காற்று. ஷெவ்ரோலே கார்வேர் கதை தெரிந்தவர்களுக்கு இது புரியும். பின்னால் இன்ஜின் வைத்த அந்தக் காரின் 1960-63 மாடல்களில் முன் டயருக்கு 15 பி.எஸ்.ஐ., பின் டயருக்கு 26 பி.எஸ்.ஐ. என்று கம்பெனி சொன்னது. காரின் நிலைத்தன்மையில் பெரும் பங்கு அந்த வித்தியாசத்தில் இருந்தது. முன்னால் 15 என்பதைப் பார்த்தால் யாருக்கும் குறைவாகத்தான் தோன்றும். நான்கிலும் ஒரே அளவு அடித்துவிட்டால் அந்தத் தற்காப்பு போய்விடும். ரால்ஃப் நேடர் 1965-இல் எழுதிய ‘அன்சேஃப் அட் எனி ஸ்பீட்’ புத்தகத்தின் முதல் அத்தியாயமே கார்வேரின் ஆபத்தைப் பற்றித்தான். அந்தக் கார் மற்றவற்றைவிட மோசமா என்பதில் பிறகு அமெரிக்க அரசின் ஆய்வு வேறு முடிவுக்கு வந்தது. அந்த வழக்கு எப்படியும் போகட்டும், காற்றழுத்தமும் சஸ்பென்ஷனின் ஒரு பாகம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவை, டயர் குளிர்ந்திருக்கும்போது, நம்பகமான கேஜ் வைத்துப் பாருங்கள். ‘பின்னால் கொஞ்சம் இறக்கினால் நன்றாகப் பிடிக்கும்’ என்ற ஸ்ட்ரிப் யோசனையைச் சாலைக்குக் கொண்டுவராதீர்கள். பக்கச்சுவர் தளர்ந்த டயர் வளைவில் நெளியும்.

‘எலக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளும்’ என்கிறீர்களா? அமெரிக்காவில் 2012 மாடல் முதல் எல்லா இலகுரகக் கார்களிலும் அது சட்டப்படி கட்டாயம். நல்ல சட்டம், நிறைய உயிர்களைக் காப்பாற்றும் கருவி. ஆனால் அந்தக் கருவி கம்பெனி ஸ்ப்ரிங், கம்பெனி டயர் அளவு, கம்பெனி புஷ் ஆகியவற்றுக்குப் பழக்கப்பட்டது. முன்னும் பின்னும் கண்டபடி அளவு மாறிய டயர் போட்டால் அதன் சக்கர வேகக் கணக்கே குழம்பும். இறுகிக்கொண்ட பின்பக்கம் படீரென்று விடும்போது அதற்கும் அதே மிகக் குறுகிய நேரம்தான் கிடைக்கிறது. தரையில் இல்லாத பிடிமானத்தை எந்தக் கணினியாலும் உண்டாக்க முடியாது. புதிதாக ஏதாவது மாட்டிய பின் அதை அணைத்துவிட்டுச் சாலையில் ‘சோதனை’ செய்வதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்.

எங்கே தொடங்கலாம்? டயரில். புதிய, தட்பவெப்பத்துக்குப் பொருந்திய நல்ல டயர் நான்கு. பிறகு அலைன்மென்ட். பிறகு தேய்ந்த புஷ், ஒழுகும் ஷாக் ஆகியவற்றைக் கம்பெனித் தரத்துக்கே கொண்டுவருவது. பழைய மஸ்டாங்கில் ‘வாரிவிடுகிறது’ என்ற புகார் பல சமயம் இந்த மூன்றிலேயே அடங்கிவிடும். அதற்கும் மேல் வேண்டுமென்றால் சரிசெய்யக்கூடிய நல்ல ஷாக். பின்பக்கம் அமுங்கும் திசையில் மிதமாகவே வையுங்கள், பாரம் டயரில் படிப்படியாக ஏறட்டும். ஸ்ப்ரிங்கும் பாரும் கடைசியில். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். இரண்டை ஒன்றாக மாற்றிவிட்டால் எது காரை நல்லதாக்கியது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

சோதிக்க இடம் இருக்கிறது. அமெரிக்காவில் எஸ்.சி.சி.ஏ. போன்ற கார் பந்தய அமைப்புகள் பெரிய வாகன நிறுத்துமிடங்களில் கூம்புகள் வைத்து ஆட்டோகிராஸ் நடத்துகின்றன. அங்கே நீங்கள் சுழன்றால் விழுவது பிளாஸ்டிக் கூம்பு. உங்கள் காரின் பின்பக்கம் விடுமுன் எப்படிப் பேசுகிறது என்பதை இரண்டாம் கியரில், ஆளில்லாத தரையில் தெரிந்துகொள்ளுங்கள். காய்ந்த தரையில் ஒரு தடவை, ஈரத்தில் ஒரு தடவை. பேசவே இல்லை, திடீரென்று போகிறது என்றால், கடைசியாக மாட்டியதைக் கழற்றிவிடுங்கள். எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும் சரி.

பின்பக்கம் ஒதுங்கும் அந்தக் கணத்தில் காலைப் படக்கென்று எடுத்தால் பாரம் முன்னே ஓடும், பின் டயர் இன்னும் இலேசாகும், இன்ஜினும் அதை இழுத்துப் பிடிக்கும். ஆகவே காலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். நீங்கள் போக வேண்டிய இடத்தைப் பாருங்கள், கை அங்கே திருப்பட்டும். டயர் மறுபடி பிடிக்கும் நொடியில் ஸ்டியரிங்கை உடனே நேராக்குங்கள், இல்லாவிட்டால் கார் எதிர்ப்பக்கம் அடிக்கும். அந்த வீடியோக்களில் கார் நடைபாதை விளிம்பில் ஏறுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது அடியில்தான்.

இன்னொருவர் மாற்றியமைத்த மஸ்டாங்கை வாங்கப் போகிறவர்களுக்கு என் கவலை இரண்டு மடங்கு. விற்பவர் பவரைப் பற்றித்தான் பேசுவார். நீங்கள் காரை லிஃப்டில் ஏற்றச் சொல்லுங்கள். மேல் கன்ட்ரோல் ஆர்ம்களின் புஷ் கறுப்பு ரப்பரா, பளிச்சென்ற சிவப்போ மஞ்சளோ நிறப் பாலியூரிதேனா என்று பாருங்கள். பாலியூரிதேனிலும் கறுப்பு உண்டு, ஆகவே சந்தேகம் இருந்தால் நல்ல மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஆக்சிலில் கூடுதல் பிராக்கெட் இருக்கிறதா, போல்ட் எந்த ஓட்டையில்? வலது பின் ஸ்ப்ரிங்குக்குள் பை, அதற்கு ஒரு காற்றுக் குழாய்? இரண்டு பின்சக்கரங்களையும் தூக்கிவைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, ஒன்றைக் கையால் சுற்றுங்கள். மற்றது எப்போதுமே அதே திசையில், விட்டுக்கொடுக்காமல் கூடவே சுற்றினால் டிஃபரன்ஷியல் பூட்டியதாக இருக்கலாம். பிறகு டயரின் பக்கச்சுவரில் டி.ஓ.டி. எழுத்துகளுக்குப் பின்னால் வரும் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2315 என்றிருந்தால் அது 2015-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்த டயர். பள்ளம் எவ்வளவு ஆழமாக மிச்சமிருந்தாலும் அந்த ரப்பர் கெட்டிப்பட்டிருக்கும். அந்த டயரோடு வீடு வரைகூட ஓட்டாதீர்கள், ட்ரக்கில் ஏற்றிக் கொண்டுவாருங்கள்.